ஃபோர் வீல் டிரைவில் போட்டால் ட்ரெய்லரின் ஆட்டம் அடங்குமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வைத்திருக்கிறீர்கள். அதன் இழுவைத் திறன் 3,500 கிலோ என்று கையேட்டில் போட்டிருக்கிறது. இரட்டை ஆக்சில் ட்ரெய்லரில் ஒரு சின்ன எக்ஸ்கவேட்டரை ஏற்றிப் போனீர்கள். ட்ரெய்லர், மெஷின், அதன் பக்கெட்டுகள் எல்லாம் சேர்த்து 2,700 கிலோ. சரிவில் 85 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பித்து, வண்டியின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்தது. எப்படியோ தப்பித்து வந்துவிட்டீர்கள். வரம்புக்கு 800 கிலோ குறைவாகத்தானே ஏற்றினேன், அடுத்த முறை ஃபோர் ஹை, அதாவது சாதாரண வேகத்துக்கான நான்கு சக்கர இயக்கம், போட்டு ஓட்டினால் ஆட்டம் அடங்குமா என்று கேட்கிறீர்கள்.

அடங்காது. காய்ந்த தார் சாலையில் அது கெடுதலும்கூட. வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரத்துக்கும் மாற்றும் பார்ட் டைம் வகை வண்டியில் ஃபோர் ஹை போட்டதும், என்ஜின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸ் முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டிவிடும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். மண்ணிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். பிடிப்புள்ள சாலையில் அதற்கு வழியில்லாததால் முறுக்கம் முழுக்க கியர்களிலும் ஷாஃப்டுகளிலும் போய் ஏறும். தவிர, சில மாடல்களில் நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றினால் வண்டியை நேராக வைக்கும் மின்னணுக் கட்டுப்பாடு, ட்ரெய்லர் ஆட்டத்தை அடக்கும் பகுதியும் சேர்த்து, அணைந்துவிடும். எந்த வண்டியிலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஃபோர் வீல் டிரைவ் அதோடு எதையும் கூட்டுவதில்லை. என்ஜினின் விசையைத் தரைக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு அது, அவ்வளவுதான்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இது போதும். ஆனால் போகிற போக்கில் இன்னொன்று எழுதியிருக்கிறீர்கள்: "லோடு ஏற்றினதும் நானும் தம்பியும் ட்ரெய்லர் மூக்கைக் கையால் தூக்கி மாட்டிவிட்டோம்." அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ட்ரெய்லர் இணைப்பும் பிரேக்கும் பார்க்கும் பட்டறையில் 18 வருஷமாக இருக்கிறேன். 2,700 கிலோ ட்ரெய்லரின் மூக்கு டோ பால் மேல், அதாவது வண்டிக்குப் பின்னால் இருக்கும் அந்த இரும்புக் குண்டின் மேல், சுமார் 270 கிலோ அழுத்தியிருக்க வேண்டும். அதை இரண்டு பேர் கையால் தூக்கி மாட்டுகிற பேச்சே இல்லை. தூக்க முடிந்தது என்றால் அங்கே 80, 90 கிலோதான் இருந்திருக்கும். லோடு தேவைக்கு மேல் பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தது. அந்த வாலாட்டத்துக்கு அதுவே காரணம் என்று நேரில் பார்க்காமலேயே அடித்துச் சொல்வேன்.

ஏன் என்று கொஞ்சம் விளக்குகிறேன். ட்ரெய்லர் என்பது ஒரு புள்ளியில் மாட்டித் தொங்கும் ஊசல் மாதிரி, தொங்குவது கீழ்நோக்கி அல்ல, பின்னோக்கி. காற்றோ, தாண்டிப் போகும் லாரியோ, சாலைப் பள்ளமோ அதைப் பக்கவாட்டில் தள்ளினால், டயர்களின் பிடிப்பு அதைத் திரும்ப நேராக்கப் பார்க்கும். குறைந்த வேகத்தில் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடச் சின்னதாகி அடங்கிவிடும். வேகம் கூடக் கூட அடங்க அதிக நேரம் எடுக்கும். ஒரு வேகத்தைத் தாண்டியதும் அடங்குவது நின்று, ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். அந்த எல்லை வேகம் ஒவ்வொரு ஜோடிக்கும், ஏன், ஒவ்வொரு லோடுக்கும் வேறு. எடை பின்னால் போனால் எல்லை கீழே இறங்கும். பால் மேல் அழுத்தம் சரியாக இருந்தாலும் கனமான பொருட்கள் ட்ரெய்லரின் இரண்டு முனைகளிலும் இருந்தால் அப்போதும் இறங்கும். ஒரு கம்பின் இரண்டு முனைகளிலும் கல்லைக் கட்டிச் சுழற்றிப் பாருங்கள், பிறகு அதே கற்களை நடுவில் கட்டிச் சுழற்றுங்கள். முனையில் இருந்தால் தொடங்குவதும் கடினம், நிறுத்துவது அதைவிடக் கடினம். உங்கள் பக்கெட்டுகள் பின் ஓரத்தில் கிடந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவை ஆக்சிலை ஒட்டி முன்பக்கமாக இருக்க வேண்டியவை.

நான் இதைப் புத்தகத்தில் படித்துக் கற்றவன் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சின்ன டிராக்டரை ட்ரெய்லரில் பின்பக்கமாக ஓட்டி ஏற்றினேன், இறக்கும்போது நேராக ஓட்டி இறங்கலாமே என்கிற சோம்பேறித்தனம். என்ஜின் இருக்கும் மூக்கு ட்ரெய்லரின் வால் பக்கம் போய்விட்டது. அப்படி நிறுத்தியதில் எடையும் பின்னால் போய்விட்டது. 70 கிலோமீட்டர் வேகம் வரை ஒன்றும் தெரியவில்லை. ஒரு லேசான இறக்கத்தில் ஆட ஆரம்பித்ததும் பயத்தில் பிரேக்கை மிதித்தேன். வண்டி மெதுவாக, பின்னாலிருந்து டிராக்டரோடு ட்ரெய்லர் தள்ள, நாங்கள் சாலையோரப் புல்லில் குறுக்காக நின்றோம். யாருக்கும் அடியில்லை. ட்ரெய்லரின் முன்கம்பம் வளைந்ததோடு போயிற்று. அன்றைக்கு எதிரே வண்டி வரவில்லை என்பதில் என் திறமை எதுவும் இல்லை.

அதனால் ஆட்டம் தொடங்கிவிட்டால் என்ன செய்வது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராக உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்; ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பப் பார்க்காதீர்கள், நம் கை எப்போதும் அரை நொடி தாமதமாகத்தான் போகும், அந்தத் தாமதமே அடுத்த ஆட்டத்துக்குத் தீனி. வண்டியின் பிரேக்கை மிதிக்காதீர்கள். ட்ரெய்லரில் மின்சார பிரேக்கும் ஓட்டுநர் பக்கத்தில் அதற்கான கன்ட்ரோலரும் இருந்தால், அதிலுள்ள கைப் பொத்தானை மட்டும் அழுத்துங்கள். ட்ரெய்லர் பின்னாலிருந்து இழுபட்டு நேராகும். வேகம் கூட்டினால் நேராகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஒரு கணம் அப்படித் தோன்றும், ஏனென்றால் இழுவை ட்ரெய்லரை நீட்டிப் பிடிக்கிறது. ஆனால் எந்த வேகத்தால் ஆட்டம் வந்ததோ அதை இன்னும் கூட்டிக்கொண்டு, எப்போதாவது காலை எடுத்துத்தான் ஆக வேண்டும். சரிவில் இதை முயல்வது தற்கொலை.

இப்போது அந்த 3,500 கிலோவுக்கு வருவோம். நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே கணக்குப் போடுகிறேன். வெறும் வண்டி 2,150 கிலோ. இரண்டு பேர் 150. பின்னால் மாட்டிய கூண்டு 130. 200 லிட்டர் டீசல் பீப்பாய், இரும்போடு சேர்த்து ஏறக்குறைய 185. கருவிகள் 100. ஆக 2,715 கிலோ. உங்கள் வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்த எடைக்கான வரம்பு, ஜிசிஎம் என்பார்களே அது, 5,950 கிலோ. கழித்துப் பாருங்கள், 3,235 வருகிறது. பீப்பாயும் கூண்டும் ஏறியபோதே 3,500 என்ற எண் உங்கள் வண்டிக்கு இல்லாமல் போய்விட்டது. இன்னொன்று: பால் மேல் அழுத்தும் எடையை வண்டி சுமக்கிறது, அது வண்டியின் சொந்த எடை வரம்பான ஜிவிஎம்மில் சேரும். 2,715-உடன் 270 சேர்த்தால் 2,985. உங்கள் வரம்பு 3,050. மிச்சம் 65 கிலோ. ட்ரெய்லரில் இன்னும் 800 கிலோ ஏற்றலாம் என்று நினைத்தீர்கள், வண்டியிலோ இன்னும் ஒரு ஆள் ஏறத்தான் இடம் இருக்கிறது.

இந்த இழுவைத் திறன் எண் எப்படி வருகிறது என்பதும் தெரிந்திருப்பது நல்லது. அமெரிக்காவில் பல நிறுவனங்கள் பின்பற்றும் ஜே 2807 என்ற அளவுமுறையில், 12 சதவீதச் சரிவில் நின்ற இடத்திலிருந்து லோடோடு ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை கிளம்பிக் காட்ட வேண்டும். அரிசோனாவில் டேவிஸ் டாம் அருகே இருக்கும் நீண்ட ஏற்றத்தில் வேகம் மிகவும் விழாமல் ஏறிக் காட்ட வேண்டும். கையாளுதலுக்கும் சோதனை உண்டு. ஆனால் கணக்கில் வைக்கும் வண்டியில் ஆளுக்கு 150 பவுண்டு, அதாவது 68 கிலோ வீதம் இரண்டு பேரும் இழுவைச் சாமான்கள் 70 பவுண்டும் மட்டுமே. டீசல் பீப்பாய் கிடையாது. பக்கெட்டைப் பின் ஓரத்தில் போட்ட ட்ரெய்லரும் கிடையாது.

அடுத்தது பலர் கோட்டைவிடும் இடம், நெம்புகோல் கணக்கு. டோ பால் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே இல்லை, 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடைவெளி 3 மீட்டர். பாலில் 270 கிலோ அழுத்தினால் முன் சக்கரங்களிலிருந்து 108 கிலோ கழன்றுவிடும், பின் ஆக்சிலில் 378 கிலோ ஏறும். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, மூக்கு தூக்கி, ஸ்டீயரிங் லேசாகிவிடும். இரவில் உங்கள் விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். இதைப் பார்த்ததும் எல்லோரும் ஓடிப்போய்ப் பின் ஸ்பிரிங்கில் காற்றுப்பை மாட்டிக்கொள்கிறார்கள். பை பின்பக்கத்தை உயர்த்தும். பார்வைக்கு வண்டி சமமாகிவிடும். ஆனால் முன் சக்கரத்திலிருந்து போன 108 கிலோ திரும்பி வராது, ஏனென்றால் நெம்புகோலின் நீளம் மாறவில்லை. அதைத் திரும்பக் கொண்டுவருவது எடைப் பகிர்வு ஹிட்ச் என்ற ஸ்பிரிங் கம்பி அமைப்புதான். அது ஒரு பங்கை முன் ஆக்சிலுக்கும் ஒரு பங்கை ட்ரெய்லர் ஆக்சிலுக்கும் தள்ளிவிடும். அதிலும் ஒரு கண்டிஷன்: சில வண்டிகளின் கையேடு அதை மாட்டவே கூடாது என்கிறது, சில குறிப்பிட்ட எடைக்கு மேல் கட்டாயம் என்கிறது. கரடுமுரடான காட்டுப் பாதையில் இறங்கும் முன் கம்பிகளின் இறுக்கத்தைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பெரிய பள்ளத்தில் சேசிஸ் மேல் முறுக்கம் விழும்.

இதையெல்லாம் யூகமாகச் செய்ய வேண்டாம். ஒரு எடை மேடைக்குப் போங்கள். முதலில் ட்ரெய்லரை மாட்டியபடியே வண்டியின் நான்கு சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி எடை எடுங்கள். பிறகு ட்ரெய்லர் சக்கரங்களை மட்டும். பிறகு ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு வண்டியைத் தனியாக. முதல் எண்ணிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் பால் மேல் அழுத்தும் எடை. அதோடு இரண்டாவதைக் கூட்டினால் ட்ரெய்லரின் முழு எடை. முன் ஆக்சிலை மட்டும் ஒரு முறை, ட்ரெய்லரோடும் இல்லாமலும், எடுத்துக்கொண்டால் எவ்வளவு கழன்றது என்பதும் தெரிந்துவிடும். எடைப் பகிர்வு ஹிட்ச் மாட்டியிருந்தால் இந்தக் கழித்தல் தப்பான எண்ணைக் கொடுக்கும், கம்பிகளை விடுவித்துவிட்டு எடுங்கள். அரை மணி நேர வேலை. உங்கள் விஷயத்தில், மூக்கிலிருந்து ஆக்சில் நடு வரை 3.5 மீட்டர் என்றால், 1,800 கிலோ மெஷினை 36 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தினாலே பாலில் 185 கிலோ கூடும். ஒரு முழத்துக்கும் குறைவு. மெஷின் நின்ற இடத்தைத் தரைப்பலகையில் பெயிண்டால் கோடு போட்டு வைத்துவிடுங்கள், ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டியதில்லை.

ட்ரெய்லர் எடையில் 10 சதவீதம் பால் மேல் அழுத்த வேண்டும் என்று நான் சொல்வது எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஒப்புக்கொள்ளப்பட்ட எண் இல்லை. வட அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம் என்பார்கள். பிரிட்டனில் கார் இழுக்கும் கேரவன்களுக்கு 5 முதல் 7 என்பார்கள். அங்கே ட்ரெய்லர்கள் இலகு, வேக வரம்பு குறைவு, கார்களின் பால் தாங்கும் அளவும் சிறிது. உங்களைப் போல இரண்டரை டன்னுக்கு மேல் மெஷின் இழுப்பவர்களுக்கு நான் 10-க்குக் கீழே போகச் சொல்வதில்லை. உராய்வால் ஆட்டத்தை அடக்கும் கம்பிகளைப் பற்றியும் பட்டறைக்காரர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. வேலை செய்யாது என்று சொல்ல மாட்டேன். தப்பாக ஏற்றிய லோடை அது கொஞ்ச நேரம் மறைத்து வைத்து, இன்னும் அதிக வேகத்தில் காட்டிக்கொடுக்கும் என்பது என் பயம்.

இனி பிரேக். வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து 5.4 டன் என்றால், 300 மீட்டர் உயரம் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் ஏறக்குறைய 47 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் காற்றும் என்ஜினும் எடுத்துக்கொண்டது போக மிச்சமெல்லாம் பிரேக்கில்தான் சூடாக இறங்கும். டீசல் என்ஜின் தானாகப் பெரிதாகப் பிடித்து நிறுத்தாது, புகை போகும் வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் தவிர. அதனால் இறக்கம் தொடங்கும் முன்பே, நடுவில் அல்ல, கியரைக் குறைத்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் கையால் மாற்றும் முறைக்கு வந்துவிடுங்கள். பெடலை லேசாகத் தொட்டபடியே இறங்குவதுதான் நிறைய பேர் செய்கிற தப்பு. பிரேக்குக்கு ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. உறுதியாக மிதித்து 10 கிலோமீட்டர் குறையுங்கள், முழுதாக விட்டுவிடுங்கள், மறுபடி ஏறினால் மறுபடி மிதியுங்கள். அப்புறம் வேகம்: 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, நிறுத்த வேண்டிய ஆற்றல் 56 சதவீதம் கூடுகிறது.

மின்சார பிரேக் கன்ட்ரோலரை அமைப்பது சுலபம். லோடோடு, சமமான காலிச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க் கைப் பொத்தானை மட்டும் அழுத்துங்கள். ட்ரெய்லர் பின்னால் பிடித்து இழுப்பது நன்றாகத் தெரிய வேண்டும், ஆனால் அதன் சக்கரம் பூட்டி உரசக் கூடாது. காலி ட்ரெய்லருக்கு மறுபடி குறைக்க வேண்டும், இதை எல்லோரும் மறப்பார்கள். ட்ரெய்லர் வண்டியை முன்னால் தள்ளும் விசையில் தானாக வேலை செய்யும் பிரேக் என்றால் நீங்கள் தனியாக அழுத்த வழியே கிடையாது. அந்த வகையில் லோடை ஏற்றும் முறை இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

இணைப்பைப் பற்றி நான்கே விஷயம். பாலில் அளவு பொறித்திருக்கும்: 50 மில்லிமீட்டரும் 2 அங்குலமும் ஒன்றல்ல, 2 அங்குலம் 50.8. பாலைக் கவ்வும் ட்ரெய்லர் மூக்கின் பூட்டான கப்ளிங் பெரிதாக இருந்து, அதைச் சின்ன பாலில் மாட்டினால் பூட்டியது போலவே இருக்கும், பள்ளத்தில் கழன்றுவிடும். மாட்டி முடித்ததும் முன் ஜாக்கியைச் சுற்றி மூக்கை மேலே தூக்குங்கள், வண்டியின் பின்பக்கமும் கூடவே எழும்பினால் பூட்டு பிடித்திருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளிங்குக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள், கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அதில் விழும். பிரேக்கைத் தானாகப் பிடிக்க வைக்கும் அவசரக் கம்பியை வண்டியில் தனியாக மாட்டுங்கள், சங்கிலியோடு சேர்த்து அல்ல.

டயரில் பூ நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதே அதிகம். பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள், 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரம் தயாரித்தது. வழியில் நிற்கும்போதெல்லாம் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் பக்கமும் கையைக் கொண்டுபோங்கள், ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அங்கே பேரிங்கோ பிரேக்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஃபோர் வீல் டிரைவுக்கு இதில் வேலையே இல்லையா என்றால், உண்டு. ஈரப்புல்லில் அல்லது சரளை ஏற்றத்தில் லோடோடு கிளம்பும்போது போடுங்கள், பின் டயர் வீணாகச் சுழல்வது நிற்கும். வழுக்கலான மண் இறக்கத்தில் போட்டால் என்ஜினின் பிடிப்பு பின் சக்கரங்களுக்கு மட்டும் போகாமல் நான்குக்கும் பிரியும், பின்பக்கம் சறுக்குவது குறையும். மெஷின் ஏற்றும் இடத்தில் பிடிப்பில்லாத சரிவில் அங்குலம் அங்குலமாகப் பின்னால் தள்ள குறைந்த வேகத்துக்கான ஃபோர் லோ மாதிரி சுகம் வேறில்லை, கிளட்சும் பிழைக்கும். சாலைக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் எப்போதும் செய்யாதீர்கள்: எங்காவது புதைந்துபோனால் மீட்புப் பட்டையை டோ பாலில் மாட்டி இழுக்கவே கூடாது. இழுவையைத் தாங்கச் செய்த குண்டு அந்த வெட்டி இழுக்கும் விசையைத் தாங்காது, உடைந்தால் துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும். அப்படிச் செத்தவர்கள் உண்டு.

உங்கள் வண்டியையோ ட்ரெய்லரையோ நான் நேரில் பார்க்கவில்லை, மேலே போட்ட நீளங்கள் கணக்கு புரிவதற்காக நான் வைத்தவை, உங்களுடையதை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பின் ஆக்சிலுக்குத் தனி வரம்பு உண்டு, அதையும் வண்டியின் தகட்டில் பாருங்கள். மெஷினை முன்னால் நகர்த்தி, பக்கெட்டுகளை நடுவில் கட்டி, டீசல் பீப்பாயை இறக்கிவிட்டு, எடை எடுத்த பிறகு சமதளத்தில் 60, 70, 80 என்று படிப்படியாக ஓட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங்கை வேண்டுமென்றே அசைத்துச் சோதிக்க வேண்டாம். அதற்கு முன்னால், தம்பியைக் கூப்பிட்டு மூக்கைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னமும் உங்கள் இருவராலும் தூக்க முடிந்தால் கிளம்பாதீர்கள், மெஷினை இன்னும் கொஞ்சம் முன்னால் ஏற்றுங்கள்.